பாட்டைப் பகிர யாரிடம் கேட்க வேண்டும்?

ஆடி, ஆவணி மாதங்களில் மணிமுத்தாற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் அடுத்தடுத்துக் கொடை விழாக்கள் நடக்கும். சிங்கம்பட்டி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் சுடலைமாடனுக்கோ முத்தாரம்மனுக்கோ பந்தல் போட்டு, வில்லிசைக் குழுவை வரவழைத்திருப்பார்கள். நாணில் வீசுகோல் விழுந்து மணிகள் குலுங்க, குடமும் உடுக்கையும் சேர்ந்துகொள்ள, விடிய விடியக் கதை நடக்கும். நடுவில் நையாண்டி மேளம். நாகசுரக்காரர் சாமிப் பாட்டில் தொடங்கி, கூட்டத்தின் உற்சாகத்தைப் பார்த்துத் திரைப்பாட்டுக்குப் போவார். பந்தல் காலில் கட்டிய செல்போன் ஒன்று அத்தனையையும் யூடியூபில் நேரலையாக அனுப்பிக்கொண்டிருக்கும். திருப்பூரிலும் மும்பையிலும் துபாயிலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் அந்த வருஷத்துச் சாமியைக் கும்பிடுகிறார்கள்.

மறுநாள் காலையில் சேனல் நடத்துபவருக்கு ஓர் அறிவிப்பு வரும். பல மணி நேர வீடியோவில் சில நிமிடத்துக்கு ஓர் இசை நிறுவனம் உரிமை கோரியிருக்கும். சில சமயம் அந்தப் பகுதியின் ஒலி அறுபட்டுப்போகும். சில சமயம் விளம்பர வருமானம் நிறுவனத்தின் கணக்குக்குத் திரும்பும். நேரலையே பாதியில் நின்றுபோவதும் உண்டு. "காப்பிரைட் விழுந்துட்டு" என்பது இப்போது தாமிரபரணிக் கரையிலும் புழங்கும் பேச்சு.

அப்போது ஊரில் இரண்டு பதில்கள் கிடைக்கும். "சாமிக்குப் பாடினதுக்கு எவன் கணக்கு கேட்பான்?" என்பது ஒன்று. "கம்பெனிக்காரன் சொல்லிட்டான்லா, எடுத்துருங்க" என்பது இன்னொன்று. இரண்டுமே சட்டத்தைப் பாதிதான் சொல்கின்றன. அடுத்தவர் உருவாக்கிய இசையை அனுமதி கேட்காமலே பயன்படுத்த இந்தியச் சட்டம் சில வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. அவை மக்கள் நினைப்பதைவிடக் குறுகலானவை. ஆனால் இசை நிறுவனங்களின் எச்சரிக்கைகளைப் படிக்கிறவர்கள் நம்புவதைவிட உறுதியானவை. அந்த வழிகள் இணையத்துக்குள் நுழைந்ததும் என்ன ஆகின்றன என்பதுதான் இன்றைய கேள்வி.

அமெரிக்க அளவுகோலும் இந்தியப் பட்டியலும்

இணையத்தில் "நியாயமான பயன்பாடு" என்று எல்லோரும் சொல்வது அமெரிக்கச் சட்டத்தின் சொத்து. 1976ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 107ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. எதற்காகப் பயன்படுத்தினார்கள், எடுத்தாண்ட படைப்பு எத்தகையது, அதில் எவ்வளவை எடுத்தார்கள், அசல் படைப்பின் சந்தை எவ்வளவு பாதிக்கப்படும் என்ற நான்கையும் சீர்தூக்கி நீதிமன்றம் முடிவு செய்யும். எந்தச் செயல் நியாயமானது என்று முன்கூட்டியே முடிந்துபோன பட்டியல் கிடையாது. '2 லைவ் க்ரூ' என்ற ராப் குழு, ராய் ஆர்பிசனின் புகழ்பெற்ற பாடலைக் கிண்டல் செய்து வெளியிட்ட வழக்கில், காசுக்கு விற்ற பாட்டு என்பதாலேயே அது நியாயமற்றதாகிவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்னது.

ஆனால் பாட்டை அப்படியே பகிர்வது வேறு விஷயம். 2001இல் நாப்ஸ்டர் வழக்கில், ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்கு முழுப் பாடல்களை அனுப்புவது நியாயமான பயன்பாடு ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்கத்தான் இறக்கினோம் என்ற வாதமும் எடுபடவில்லை. பாஸ்டனில் படித்துவந்த ஜோயல் டெனென்பாம் என்ற மாணவருக்கு, 30 பாடல்களைப் பகிர்ந்ததற்காக 6,75,000 டாலர் இழப்பீடு 2009இல் விதிக்கப்பட்டது. அவர் தரப்பு முன்வைத்த நியாயமான பயன்பாட்டு வாதத்தை நீதிபதி ஜூரியின் முன்பு வைக்கவே அனுமதிக்கவில்லை.

இந்தியாவில் இருப்பது பட்டியல். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 52ஆவது பிரிவு, எவையெல்லாம் மீறல் ஆகாது என்று வரிசையாக எண்ணி வைத்திருக்கிறது. அதன் முதல் உட்பிரிவு "நியாயமான கையாளுகை" பற்றியது. ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்த உபயோகம், விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்பு நிகழ்ச்சிகளைச் செய்தியாக்குவது ஆகிய மூன்று நோக்கங்களுக்கு மட்டும் அது பொருந்தும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒலிப்பதிவுகளும் திரைப்படங்களும் இந்தப் பாதுகாப்புக்குள் தெளிவாக வந்தன. இந்த மூன்றில் ஒன்றில் பொருந்தாத பயன்பாடு எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும், பட்டியலின் மற்ற உட்பிரிவுகளில் இடம் தேடியாக வேண்டும்.

மூன்றில் ஒன்றில் பொருந்தினால் மட்டும் போதாது, கையாண்ட விதமும் நியாயமாக இருக்க வேண்டும். 1996இல் கேரள உயர் நீதிமன்றம், தோப்பில் பாசியின் புகழ்பெற்ற நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதிய சிவிக் சந்திரனின் வழக்கில் மூன்று கேள்விகளை வைத்தது. எவ்வளவு எடுத்திருக்கிறார், எதற்காக எடுத்திருக்கிறார், அசலோடு போட்டியிடும் வாய்ப்பு இருக்கிறதா? எதிர்நாடகம் அசலை விமர்சிக்கத்தான் எழுதப்பட்டது என்பதால் சிவிக் சந்திரனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஒரு பாடலின் நான்கு அடியைப் போட்டுக் காட்டி, ராகம் எங்கே மாறுகிறது என்று விளக்கும் யூடியூப் காணொளிக்கும் இந்தக் கேள்விகள்தான் அளவுகோல். முழுப் பாட்டையும் ஓடவிட்டுக் கடைசியில் "அருமை" என்று சொல்லும் காணொளி இதில் தேறாது.

நம்பிக்கைகள் மூன்று

30 நொடிக்குள் இருந்தால் காப்புரிமை இல்லை என்று பலர் நம்புகிறார்கள். இந்தியச் சட்டத்திலும் அமெரிக்கச் சட்டத்திலும் அப்படி ஒரு நொடிக்கணக்கு இல்லை. மிகச் சிறிய அளவை நீதிமன்றங்கள் பொருட்படுத்தாமல் விடுவது உண்டு. இந்தியா டிவி மீது யஷ்ராஜ் ஃபிலிம்ஸ் தொடுத்த வழக்கில் 2012இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அப்படிச் செய்தது. நுகர்வோர் விழிப்புணர்வு விளம்பரம் ஒன்றில் பிரபலமான இந்திப் பாடலின் ஒரு சிறு அடி எடுத்தாளப்பட்டிருந்தது. பாடகி வசுந்தரா தாஸ் பேட்டி நிகழ்ச்சி ஒன்றில் தன் பாடல்களின் சில அடிகளைப் பாடியிருந்தார். இவ்வளவு அற்பமான அளவுக்கு வழக்கு தேவையில்லை என்று அமர்வு கருதியது. அது சூழ்நிலையைப் பார்த்து எடுத்த முடிவு. நொடிக்கணக்கை வைத்து எடுத்த முடிவு அல்ல.

"எல்லாப் புகழும் உரிமையாளருக்கே, காப்புரிமையை மீறும் நோக்கம் இல்லை" என்று காணொளிக்குக் கீழே எழுதிவிட்டால் பாதுகாப்பு என்பது இரண்டாவது நம்பிக்கை. பெயர் போடுவது மரியாதை, அனுமதி ஆகாது. காசு பார்க்காவிட்டால் குற்றமில்லை என்பது மூன்றாவது. லாப நோக்கம் இல்லாதவருக்குத் தண்டனையைக் குறைக்க 63ஆவது பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது, விடுவிக்கச் சொல்லவில்லை. அதே பிரிவின்கீழ் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அது பிணையில் விட முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் உறுதிப்படுத்தியது.

சொந்த உபயோகம் என்ற வழியும் கவனிக்க வேண்டியது. தான் வாங்கிய பாட்டைத் தன் செல்போனுக்கு மாற்றிக் கேட்பது அதற்குள் அடங்கும். அதே பாட்டை ஆயிரம் பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போடுவதைச் சொந்த உபயோகம் என்று வாதிடுவது கடினம். நிறுவனங்கள் இந்த வழியில் புகுந்து தப்ப முடியாது என்பதும் தெளிவாகிவிட்டது. பயனர்கள் பாடலை இறக்கிவைத்துக் கேட்பது அவர்களுடைய சொந்த உபயோகம்தானே என்று விங்க் மியூசிக் என்ற பாட்டுச் செயலி வாதிட்டபோது, 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வியாபாரம் செய்கிறவர் வாடிக்கையாளரின் உரிமைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்பதே அதன் சாரம்.

ஒரு பாட்டில் எத்தனை உரிமை

பழைய பாட்டுதானே, யாருக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஒரு பாட்டில் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. வரிக்கும் மெட்டுக்கும் உரிமை, படைப்பாளியின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டு வரை இருக்கும். ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. எனவே 1964இல் வெளியான ஒலிப்பதிவுகளின் காலம் 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது.

எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்து 1944இல் வந்த 'ஹரிதாஸ்' படத்தின் பழைய இசைத்தட்டு ஒருவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒலிப்பதிவின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் பாடல்களை எழுதிய பாபநாசம் சிவன் 1973இல்தான் காலமானார். (பெயரைப் பார்த்து இந்தப் பக்கத்துப் பாபநாசம் என்று எண்ண வேண்டாம், அது தஞ்சைப் பாபநாசம்.) அவருடைய வரிகளின் உரிமை 2033 முடியும் வரை இருக்கிறது. இசைத்தட்டைச் சுழலவிட்டுப் பதிவேற்றுகிறவர் ஒரு கதவைக் கடந்துவிட்டார், இன்னொரு கதவு மூடியிருக்கிறது.

நேர்மாறான நிலைமையும் உண்டு. 1835இல் எட்டயபுரத்தில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளுக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் ஒரு நிறுவனம் வெளியிட்ட கீர்த்தனைப் பதிவுக்கு உரிமை உண்டு. கொரோனா முடக்கக் காலத்தில் கர்நாடக இசைக் கலைஞர்கள் வீட்டிலிருந்து பாடிக் காட்டியபோது, அவர்கள் சொந்தக் குரலில் பாடிய கீர்த்தனைகளைக்கூட இயந்திரம் வேறொரு நிறுவனத்தின் பதிவாக எண்ணி ஒலியை நிறுத்தியது. ஒரே கீர்த்தனை, ஒரே ராகம், ஒரே தாளம் என்றால் இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

கொடைப் பந்தலில் நான்காவது உரிமை ஒன்றும் இருக்கிறது. மேடையில் இருப்பவருடையது அது. பாடகர், இசைக்கலைஞர் மட்டுமல்ல, கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரைக்கும் நிகழ்த்துநர் என்று சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வில்லிசைப் புலவரும் கணியான் கூத்துக் கலைஞரும் கரகாட்டக்காரரும் இதற்குள் வருகிறார்கள். தங்கள் நிகழ்ச்சியைப் பதிவு செய்வதற்கும் பரப்புவதற்கும் அனுமதி தரும் உரிமை, நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுக்கு அவர்களுக்கு உண்டு.

சொரிமுத்து அய்யனார் கோயிலோடு சேர்ந்த முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளலாம். கதை யாருக்கும் சொந்தமில்லை, ஊர்ச் சொத்து. பேராசிரியர் நா. வானமாமலை அதைப் பதிப்பித்து நூலாக்கினார். இன்று ஒரு குழு அதைப் பாடினால், அன்றைய இரவின் பாட்டு அந்தக் குழுவினுடையது. அதைப் படம்பிடித்துச் சேனலில் போட்டு விளம்பர வருமானம் பார்ப்பவர், குழுவின் சம்மதத்தைக் கேட்டாரா? இசை நிறுவனம் மூன்று நிமிடத்துக்கு உரிமை கோரியதைப் பற்றி ஊரே பேசுகிறது. மீதி மணிநேரம் முழுக்கப் பாடிய கலைஞர் ஓர் இரவுச் சம்பளத்தோடு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். கோயில் நிர்வாகம் முன்பணம் கொடுக்கும்போதே நேரலை பற்றியும் வருமானப் பங்கு பற்றியும் எழுதிக்கொள்வதுதான் முறை. நியாயமான பயன்பாடு பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் தங்கள் பந்தலில் இருக்கும் படைப்பாளியிடம் அந்த நியாயத்தைக் காட்ட வேண்டும்.

கடையத்துக் கவிஞரின் பாட்டு

இசை உரிமைக்கும் பொதுமக்களுக்கும் நடந்த மிகப் பெரிய தமிழ் வழக்காடல், மணிமுத்தாற்றிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகப் போனால் எட்டிவிடும் ஊரோடு சம்பந்தப்பட்டது. மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்தில்தான் பாரதி 1918 கடைசியிலிருந்து 1920 வரை வாழ்ந்தார். 1921இல் அவர் மறைந்த பிறகு, பாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமை 1930களில் ஒரு வணிக நிறுவனத்துக்குச் சில நூறு ரூபாய்க்குப் போனது. 1940களில் அதைப் பல மடங்கு விலை கொடுத்துப் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் வாங்கினார். 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாடல்கள் ஒலித்தது அந்த உரிமையின் பலன்.

மறு ஆண்டே சிக்கல் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் ஒன்று இடம்பெற, மெய்யப்பன் தரப்பு வழக்குத் தொடுத்தது. பாரதி பாடலைப் பாட ஒரு முதலாளியிடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர்கள் பொங்கினார்கள். பாரதி விடுதலைக் கழகம் பிறந்தது. எழுத்தாளர் நாரண துரைக்கண்ணன் உள்ளிட்டோர் திருநெல்வேலிக்கு வந்து செல்லம்மா பாரதியைச் சந்தித்துச் சம்மதம் பெற்றார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த சென்னை அரசு, 1949 மார்ச் மாதத்தில் பாரதி படைப்புகளின் உரிமையை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. மெய்யப்பன் தன் உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பாரதியின் குடும்பத்தாருக்கு அரசு பணம் தந்தது. 1950களின் நடுவில் பாரதி எல்லோருக்கும் பொதுவானார். வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தப் போராட்டத்தை விரிவாக ஆராய்ந்து தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

இந்த நிகழ்ச்சி ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. அன்றைக்கு யாரும் உரிமையாளரின் உரிமையைக் கண்டுகொள்ளாமல் மீறச் சொல்லவில்லை. உரியவருக்குப் பணம் கொடுத்து, பொதுவுக்கு விடச் சொன்னார்கள். பாரதியில் தொடங்கிய நாட்டுடைமை மரபில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் அடங்கும். அவற்றை யாரும் இணையத்தில் பகிரலாம்.

வங்காளத்தில் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. 1941இல் மறைந்த ரவீந்திரநாத் தாகூரின் உரிமை, அன்றிருந்த 50 ஆண்டுக் கணக்குப்படி 1991 கடைசியில் முடிய வேண்டும். அவர் நிறுவிய விசுவபாரதி பல்கலைக்கழகம் கேட்டுக்கொண்டதை அடுத்து மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, காலத்தை 60 ஆண்டாக உயர்த்தியது. அந்தப் பத்து ஆண்டு நீட்டிப்பு தாகூருக்கு மட்டுமல்ல, நாட்டின் எல்லாப் படைப்பாளிகளுக்கும் பொருந்தியது. பாபநாசம் சிவனின் வரிகள் 2033 வரை மூடியிருப்பதற்கும் காரணம் அதுதான்.

ஒரே படம், இரண்டு அணுகுமுறை

பகிர்வதால் பாட்டு வாழும் என்பதற்கும், பகிர்வைத் தடுக்கப் போனால் சம்பந்தமில்லாதவர்களும் அடிபடுவார்கள் என்பதற்கும் ஒரே படத்தில் சான்று கிடைக்கிறது. தனுஷ் நடித்த '3' படத்துக்காக அனிருத் இசையமைத்த கொலவெறிப் பாடல் 2011 நவம்பரில் யூடியூபில் வெளியானது. சில நாட்களில் உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் குரலில், தங்கள் மொழியில், தங்கள் ஊர்க் கதையோடு அதைப் பாடிப் பதிவேற்றினார்கள். பாட்டு உலகப் புகழ் பெற்றது அந்தப் பகிர்வால்தான்.

படம் திரைக்கு வரும் நேரத்தில் நிலைமை தலைகீழானது. திருட்டுப் பிரதிகளைத் தடுக்க, பெயர் தெரியாத எதிராளிகள் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் 2012 மார்ச்சில் தயாரிப்பு நிறுவனம் தடை உத்தரவு பெற்றது. அந்த உத்தரவைக் காட்டி இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் மே மாதத்தில் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் உள்ளிட்ட தளங்களை முழுதாகவே முடக்கின. குறும்பட இயக்குநர்களும் மென்பொருள் எழுதுகிறவர்களும் தங்கள் சொந்தப் படைப்பைக்கூடத் திறக்க முடியாமல் தவித்தார்கள். ஜூன் மாதத்தில் நீதிமன்றம் உத்தரவைத் திருத்தியது. தளத்தை மொத்தமாக முடக்கக் கூடாது, மீறல் இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டுமே முடக்கலாம் என்றது.

இதைச் சொல்வதால் படைப்பாளியின் பக்கத்தை மறந்துவிடக் கூடாது. 2017 மார்ச்சில், அமெரிக்காவில் கச்சேரிப் பயணம் சென்றிருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது தமிழ் ரசிகர்கள் பலர் மனம் நொந்தார்கள். ஆனால் திரைப்பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் பல பத்தாண்டுகள் ஒருமுறை வாங்கிய சம்பளத்தோடு உரிமை முழுவதையும் தயாரிப்பாளரிடம் இழந்து வந்தவர்கள். திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது அவர்களுக்குப் பங்கு கிடைக்க வேண்டும், அந்தப் பங்கை எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது என்று சட்டம் சொன்னது 2012இல்தான். நாடாளுமன்றத்தில் அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். இணையத்தில் ஒரு பாட்டு ஓடும்போது யாருக்குக் காசு போகிறது என்ற கேள்வி, அந்தப் பாட்டை எழுதியவரின் வீட்டு அடுப்போடு சம்பந்தப்பட்டது.

இயந்திரத்துக்குத் தெரியாத பிரிவு

கொடை விழாவுக்கு மிக நெருக்கமான உட்பிரிவு 52இல் கடைசிப் பகுதியில் இருக்கிறது. உண்மையான சமயச் சடங்கின்போது இசையை நிகழ்த்துவதும், ஒலிப்பதிவைப் பொதுமக்களுக்குக் கேட்கச் செய்வதும் மீறல் ஆகாது என்கிறது அது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களும் அதில் அடங்கும். கல்யாண வீடுகளில் பாட்டுப் போடுவதற்கு உரிமத் தொகை கேட்கக் கூடாது என்று மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2023 ஜூலையில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கோவா அரசு இதே பொருளில் வெளியிட்ட சுற்றறிக்கையை 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு ரத்து செய்தது. சட்டத்தில் எழுதியிருப்பதற்கு மேல் ஒரு சுற்றறிக்கை எதையும் சேர்க்க முடியாது என்பது காரணம்.

ஆகவே கோயில் திடலில் நையாண்டி மேளக்காரர் திரைப்பாட்டை வாசிப்பதற்கு இந்தப் பிரிவு நல்ல பாதுகாப்பு. அதே வாசிப்பு யூடியூபில் நேரலையாகப் போகும்போது "சடங்கின்போது" என்ற சொல் அதுவரை நீளுமா என்பதற்கு இருபக்கமும் வாதம் உண்டு. அந்த வாதத்தைக் கேட்க ஒரு நீதிபதி இருந்தால் பேசலாம். இயந்திரத்திடம் பேச முடியாது. யூடியூப் 2007இல் தொடங்கிய கன்டென்ட் ஐடி, பதிவேற்றும் ஒலியை நிறுவனங்கள் கொடுத்த ஒலிகளோடு ஒப்பிடுகிறது. ஒத்துப்போகிறதா என்று மட்டும் அது பார்க்கிறது. அது மதிப்புரையா, ஆராய்ச்சியா, சாமிக் கொடையா என்று பார்ப்பதில்லை.

சேனல் நடத்துபவர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உரிமை கோரியவர் அதற்குப் பதில் சொல்ல 30 நாள் வாய்தா. அவர் தள்ளுபடி செய்தால் மேல்முறையீடு உண்டு. ஆனால் மேல்முறையீட்டில் தோற்றால் 'ஸ்டிரைக்' விழலாம், 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போய்விடும். இந்தப் பயத்தில் நியாயம் தன் பக்கம் இருப்பவர்களும் வாய் திறப்பதில்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பதில் கிடைத்தது. 2007இல் ஒரு தாய், தன் குழந்தை சமையலறையில் ஆடுவதை 29 நொடிக்குப் பதிவேற்றினார். பின்னணியில் பிரின்ஸின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இசை நிறுவனம் காணொளியை நீக்கச் சொன்னது. நீக்கச் சொல்லும் முன் இது நியாயமான பயன்பாடா என்று நிறுவனம் யோசித்திருக்க வேண்டும் என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் அதைவிடத் தெளிவான விதி ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் காப்புரிமை விதிகளில் 75ஆவது விதி, நீக்கக் கோரும் புகாரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்தப் பயன்பாடு 52ஆவது பிரிவுக்குள் வரவில்லை என்பதையும் புகார்தாரர் விளக்கியாக வேண்டும். புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாளுக்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவராவிட்டால் தளம் அதைத் திரும்பத் திறக்கலாம். ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விடுப்பவர் மீது, மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் போக 60ஆவது பிரிவு வழி செய்கிறது. இயந்திரக் கோரிக்கைகள் தளத்தின் சொந்த ஒப்பந்தப்படி நடப்பதால் இந்த விதிகள் எதையும் தொடாமலே கடந்துபோய்விடுகின்றன.

இங்கேதான் மாற்றம் வேண்டும். இந்தியாவில் பதிவேற்றப்படும் காணொளி மீது உரிமை கோருகிறவர், இயந்திரத்தின் வழியாகக் கோரினாலும் 75ஆவது விதி கேட்கும் விளக்கத்தைத் தர வேண்டும் என்று மத்திய அரசு விதியைத் திருத்தலாம். ஆட்சேபப் படிவத்தில் 52ஆவது பிரிவின் உட்பிரிவுகளைத் தமிழிலேயே பட்டியலிட்டுத் தேர்ந்தெடுக்க வைக்கலாம். ஆட்சேபம் நிலுவையில் இருக்கும்வரை ஒலியை அறுக்காமல் வருமானத்தை மட்டும் நிறுத்தி வைத்தால், இசையமைப்பாளருக்கும் நட்டமில்லை, ஊருக்கும் இழப்பில்லை. கோயில் நேரலையைப் பொறுத்தவரை, கோவாத் தீர்ப்புக்குப் பிறகு சுற்றறிக்கை போதாது என்பது தெளிவு. விளம்பர வருமானம் இல்லாமல், நிகழ்த்தும் கலைஞரின் சம்மதத்தோடு, சடங்கு நடக்கும் நேரத்திலேயே ஒளிபரப்பும் நேரலையையும் அந்த உட்பிரிவின் விளக்கத்தில் நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும். கல்யாண ஊர்வலத்தைச் சேர்த்ததுபோல இதையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிடலாம்.